மன்ஸினியின் ‘நிபுணர் டிசைன்’: கருவிப் பகிர்வுத் திட்டத்தில் டிசைனருக்கு என்ன வேலை மிஞ்சும்?

(இணைய மன்றத்து இழை. ஒவ்வொரு பதிவின் தலையிலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வரைபலகை:

மிலான் பாலிடெக்னிக்கில் இண்டஸ்ட்ரியல் டிசைன் பேராசிரியராக இருந்த எட்ஸியோ மன்ஸினியின் கருத்துகளை வைத்து ஒரு முதுகலைத் திட்டம் செய்கிறேன். 2015-ல் எம்ஐடி பிரஸ் வெளியிட்ட அவருடைய புத்தகம்தான் முக்கிய வாசிப்பு. டிசைன் செய்யும் திறன் மனிதர் எல்லோருக்கும் உண்டு, அது ‘பரவலான டிசைன்’. அதையே படித்துத் தொழிலாக வைத்திருப்பவர்கள் செய்வது ‘நிபுணர் டிசைன்’. இதுவரை புரிகிறது.

நான் எடுத்திருக்கும் களம்: 60 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. டிரில் மெஷின், ஏணி, தையல் மெஷின் மாதிரி எப்போதாவது கை வைக்கும் சாமான்களைப் பொதுவில் வைத்துப் பகிர்வது. சிக்கல் என்னவென்றால், அங்கே ஏழு பேர் ஏற்கெனவே வாட்ஸ்அப் குழு வைத்துக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நோட்டுகூடப் போட்டிருக்கிறார்கள். நான் போய் எதை டிசைன் செய்வது?

மூன்று சந்தேகங்கள். நிபுணர் டிசைனர் கையால் செய்யும் வேலை என்ன, லோகோவும் போஸ்டரும்தானா? ‘உறவின் தரம்’ என்று அவர் சொல்வதை ஒரு வரைபடத்திலோ அட்டவணையிலோ எப்படிக் கொண்டுவருவது? மூன்றாவது, என் திட்டத்துக்கு வழிகாட்டியாக இருக்கும் ஆசிரியர், ஒரு ஆப் வேண்டும், பெரிதாக்கும் திட்டம் வேண்டும் என்கிறார். மன்ஸினியோ சிறியது, உள்ளூர் என்று பேசுகிறார். இரண்டும் ஒத்துப்போகுமா?

கோட்டுருவம்:

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பரவலான டிசைன், நிபுணர் டிசைன் என்பது இரண்டு பெட்டி அல்ல, ஒரே கோட்டின் இரண்டு முனைகள். அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டும் இன்னொரு கோடும் உண்டு: ஒரு முனையில் பிரச்சினையைத் தீர்ப்பது, மறு முனையில் அர்த்தம் உண்டாக்குவது. வாசிக்கும்போது பலரும் இந்த இரண்டாவது கோட்டைத் தவறவிடுகிறார்கள். இருக்கும் நிலையை விரும்பும் நிலைக்கு மாற்ற வழி வகுக்கும் எவரும் டிசைன் செய்கிறார் என்று அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1969-லேயே சொல்லிவிட்டார். மன்ஸினி அதோடு நிற்கவில்லை. ‘இப்படி வாழ்வதும் நல்ல வாழ்க்கைதான்’ என்று ஒரு செயலுக்கு அர்த்தம் கொடுப்பதும் டிசைன்தான் என்கிறார். உங்கள் ஏழு பேர் தீர்வுப் பக்கத்தில் நன்றாகவே இருக்கிறார்கள். ‘சொந்தமாக டிரில் வாங்க வக்கில்லாதவன்தான் இரவல் கேட்பான்’ என்ற நினைப்பு மீதி 53 வீடுகளில் இருந்தால், அது தீர்வின் குறை அல்ல, அர்த்தத்தின் குறை. போஸ்டருக்கு வேலை இருப்பது அங்கேதான், அலங்காரத்துக்காக அல்ல.

அவர் இந்த இடத்துக்கு வந்த பாதையையும் பார்க்க வேண்டும். 1986-ல் மூலப்பொருள்களைப் பற்றி எழுதினார்: பிளாஸ்டிக்கும் கலப்புப் பொருள்களும் வந்த பிறகு டிசைனர் இருக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில்லை, வேண்டிய பண்போடு பொருளையே வரவழைத்துக்கொள்கிறார் என்பது வாதம். 2003-ல் மிலான் ட்ரியன்னாலே என்ற டிசைன் காட்சிக்கூடத்தில் டிசைனர் பிரான்சுவா ஜெகுவோடு சேர்ந்து நீடித்து நிலைக்கக்கூடிய அன்றாட வாழ்க்கை பற்றிய கண்காட்சி நடத்தினார். அடுத்து 2004 முதல் 2006 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் எமுடெ என்ற ஆய்வு. அதில் டிசைன் கல்லூரி மாணவர்களை ‘ஆன்டெனா’ என்று பெயரிட்டு அனுப்பினார்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து வரச் சொல்லவில்லை. மக்கள் தாங்களே செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளைத் தேடிப் பதிவு செய்யச் சொன்னார்கள். 2009-ல் அமைந்த டெசிஸ் வலையமைப்பும் டிசைன் கல்லூரிகளின் ஆய்வகங்களைக் கோத்து இதே வேலையைத்தான் தொடர்கிறது. ஆகவே ‘ஏற்கெனவே செய்கிறார்களே’ என்பது உங்கள் திட்டத்துக்குத் தடையே அல்ல. அவருடைய முறை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இப்போது முதல் கேள்வி. நிபுணர் செய்யும் வேலைக்கு அவர் வைத்த பெயர் ‘இயலச்செய்யும் தீர்வு’. சொந்த முயற்சியால் ஓடும் ஒன்றை, குறைந்த முயற்சியில், அதிகம் பேர் செய்யும்படி ஆக்கும் பொருள்கள், சேவைகள், தகவல், இடம் எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. அவர் தரும் உதாரணம் வீட்டிலேயே நடத்தும் சிறு குழந்தைக் காப்பகம். ஒரு தாய் தன் வீட்டில் சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருகிறார் என்றால், படிப்படியான வழிமுறை மட்டும் போதாது. அந்தத் தாயும் அந்த வீடும் இதற்குத் தகுதி என்று யாராவது உத்தரவாதம் தர வேண்டும். அவரால் சமாளிக்க முடியாத மருத்துவ, கல்விச் சிக்கல் வந்தால் ஓடி வர ஒருவர் வேண்டும். இந்த உத்தரவாதத்தையும் பின்துணையையும் ஏற்படுத்துவதுதான் நிபுணரின் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவர் தொடுவதே இல்லை.

மிலானில் 2004-ல் தொடங்கிய, தனியாக இருக்கும் முதியவர் வீட்டில் மாணவர் தங்கும் ஏற்பாடும் இதே வகை. அறை காலியாக இருக்கிறது, மாணவருக்கு அறை தேவை. இந்த இரண்டையும் இணைக்க ஒரு விளம்பரம் போதும். ஆனால் முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விட யாரும் துணிய மாட்டார்கள். நடுவில் இருக்கும் அமைப்பு இரு தரப்பையும் தனித்தனியே சந்தித்துப் பேசிப் பொருத்துகிறது. அந்தச் சந்திப்புதான் அங்கே டிசைன் செய்யப்பட்ட பொருள்.

உங்கள் ஏழு பேரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: எந்த இடத்தில் அலுத்துப்போகிறீர்கள், எந்த இடத்தில் பயப்படுகிறீர்கள்? ‘என்ன வேண்டும்’ என்று கேட்டால் ஆப் வேண்டும் என்றுதான் பதில் வரும்.

மூன்றாவது டிராயர்:

மேலே சொன்னது சரி. நான் சாமான் பக்கத்திலிருந்து வருகிறேன். இந்த மாதிரித் திட்டங்கள் கொள்கையால் சாவதில்லை, காணாமல் போன சக் சாவியால் சாகும்.

டிரில்லை எடுத்துக்கொள்ளுங்கள். சக் என்பது துளை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய். சாவி போட்டு இறுக்கும் சக் உள்ள மெஷினில் முதலில் தொலைவது அந்தச் சாவிதான். அது இல்லாவிட்டால் மொத்த மெஷினும் சும்மா கிடக்கும். சாவியைப் பெட்டிக்குள் தனிக் குழியில் வைத்தால் தொலையும். மெஷினின் கைப்பிடியில் நூலால் கட்டினால் சுழலும்போது சிக்கும். சரியான இடம் மின்கம்பியின் பிளக் முனை. பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். சாவியை சக்குக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். தொலையாது, பிட் மாற்றும்போது மெஷின் தவறி ஓடவும் ஓடாது. பழைய பட்டறைகளில் இதை யாரும் டிசைன் என்று சொல்லிக்கொண்டதில்லை. பரவலான டிசைன் என்றால் என்ன என்று உங்கள் அறிக்கையில் காட்ட இதைவிட நல்ல படம் கிடைக்காது.

பிட்: சுவருக்கான கார்பைடு முனை பிட்டையும் இரும்புக்கான பிட்டையும் ஒரே பையில் போட்டால், இரும்பு பிட்டைச் சுவரில் விட்டு ஒரே நாளில் மழுக்கித் தருவார்கள். இரண்டுக்கும் இரண்டு நிறத்தில் டேப் சுற்றி, பெட்டி மூடியிலும் அதே நிறத்தைக் காட்டுங்கள். 6 மி.மீ., 8 மி.மீ. சுவர் பிட் மும்மூன்று வாங்குங்கள், மற்ற அளவு ஒவ்வொன்று போதும். பிட், தையல் ஊசி, உப்புத்தாள் எல்லாம் தேய்மானச் சாமான். அவற்றைத் திரும்பத் தர வேண்டிய பட்டியலில் வைக்காதீர்கள். வைத்தால் தேய்ந்ததற்கு யார் பொறுப்பு என்ற சண்டைதான் மிஞ்சும்.

பெட்டிக்குள் ஒவ்வொரு சாமானின் வடிவத்துக்கும் ஃபோம் வெட்டி வைப்பது டிசைன் மாணவர்களுக்கு ரொம்பப் பிடித்த வேலை. பார்க்க அழகு, எது குறைகிறது என்று ஒரு பார்வையில் தெரியும். ஆனால் முதல் சாமான் உடைந்து வேறு மாடல் வாங்கிய அன்றே ஃபோம் வீண். அதற்குப் பதில் முழுப் பெட்டியின் ஒரே ஒரு புகைப்படத்தை மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். சாமான் மாறினால் படத்தை மாற்றினால் போதும், அந்த ஏழு பேரே செய்துகொள்வார்கள். நீங்கள் படிப்பை முடித்துப் போன பிறகு அவர்களால் மாற்ற முடியாத எதையும் அங்கே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஏணிக்குத் தனி விதி. கொடுக்கும் முன்பும் வாங்கும்போதும் அடி ரப்பர் நான்கும் இருக்கிறதா, படிகளின் ரிவெட் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். சாய்வு ஏணி என்றால் 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி அடி இருக்க வேண்டும் என்பதைப் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். ஏணிதான் ஆளைக் கீழே தள்ளும் சாமான். முதல் நாளே பொறுப்பு யாருக்கு என்று எழுதி வாங்க வேண்டியதும் இதற்குத்தான். கோட்டுருவம் சொன்ன பயம் இருக்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

தையல் மெஷினை வெளியே கொடுக்காதீர்கள். கனம், தூக்கி இறக்குவதில் நூலின் இறுக்கம் (டென்ஷன்) கலையும். சாமான்களை வைத்துக் கொடுக்கும் பொது அறையிலேயே மேசை போட்டு வையுங்கள், வந்து தைக்கட்டும்.

செவ்வந்தி:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தையல் மெஷினை அறையிலேயே வையுங்கள் என்பது போகிறபோக்கில் சொன்ன பராமரிப்பு யோசனை மாதிரி இருக்கிறது. உண்மையில் உறவின் தரத்துக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

மன்ஸினி இதற்கு இரண்டு வரைபடம் தருகிறார். முதலாவது ஈடுபாடு: ஒருவர் தானே எவ்வளவு வேலை செய்கிறார் என்பது ஒரு அச்சு, பிறரோடு சேர்ந்து எவ்வளவு செய்கிறார் என்பது மறு அச்சு. இரண்டாவது உறவு: பழக்கம் எவ்வளவு நெருக்கமானது, பிணைப்பு எவ்வளவு வலுவானது. எந்த வரைபடத்திலும் மேல் வலது மூலைதான் நல்ல இடம் என்று அவர் சொல்லவே இல்லை. எல்லாரும் எல்லா வேலையும் சேர்ந்து செய்ய வேண்டும் என்றால் நேரம் இருப்பவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய வலுவற்ற பிணைப்பின் பலம் இங்கே முக்கியம். மாடிப்படியில் தலையசைக்கும் அளவு பழக்கம்கூட ஒரு குடியிருப்பைத் தாங்கும்.

இதை அட்டவணையில் எப்படிக் கொண்டுவருவது? நிமிடத்தில் கொண்டுவாருங்கள். ஒரு சாமானைக் கொடுக்க 4 நிமிடம், திரும்ப வாங்கிச் சரிபார்க்க 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று 10 நிமிடம். வாரம் ஒரு நாள் 2 மணி நேரம் அறை திறந்திருந்தால் 12 சுற்று கொள்ளும். ஆனால் 12-ஐயும் நிரப்பினால் வருகிறவர் வரிசையில் நிற்பார், கொடுக்கிறவர் நோட்டிலிருந்து தலையே தூக்க மாட்டார். 8 சுற்றோடு நிறுத்தினால் 40 நிமிடம் மிஞ்சும். சுவரில் ஓட்டை போடப் போகிறவரிடம் ‘உள்ளே மின்கம்பி போகிறதா பார்த்தீர்களா’ என்று கேட்கவும், பிட்டை எப்படிப் பிடிப்பது என்று காட்டவும் கிடைக்கும் நேரம் அதுதான். 8-க்கு மேல் போனால் இன்னொரு நாள் திறக்க வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது. இந்த ஒரு எண்ணை நியாயப்படுத்தி எழுதினாலே உறவின் தரம் பற்றி ஒரு அத்தியாயம் ஆகிவிடும்.

அடுத்தது கொடுக்கிறவர்களின் சுமை. ஏழு பேர், வாரம் ஒரு நாள் என்றால் ஒருவருக்கு ஏழு வாரத்துக்கு ஒரு முறை வரும். வாரம் இரண்டு நாள் என்றால் மூன்றரை வாரத்துக்கு ஒரு முறை. இருவர் விலகினால் இரண்டரை வாரத்துக்கு ஒரு முறை. அந்த இடத்தில்தான் மூன்றாமவரும் கழன்றுகொள்வார். கடைசியில் ஒரே ஒருவர் வீட்டில் எல்லாச் சாமானும் குவியும், அவர் ஊருக்குப் போனால் திட்டம் படுத்துவிடும். இரண்டாவது நாளைத் திறக்கும் முன் ஆள் எண்ணிக்கையைப் பத்தாக்குங்கள்.

தாமதத்துக்கு அபராதம் போடும் யோசனை கட்டாயம் வரும். பொருளாதார அறிஞர்கள் உரி நீசியும் ஆல்டோ ருஸ்டிசினியும் 2000-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இஸ்ரேலின் ஹைஃபாவில் 10 குழந்தைக் காப்பகங்களை எடுத்து, 6-இல் மட்டும் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ‘டீச்சரைக் காக்க வைக்கிறோமே’ என்ற கூச்சம் போய், ‘காசு கொடுத்தாயிற்று’ என்ற எண்ணம் வந்துவிட்டது என்பது அவர்கள் தரும் விளக்கம். அபராதத்துக்குப் பதில், அடுத்து அந்தச் சாமானைக் கேட்டிருப்பவர் பெயரையும் வீட்டு எண்ணையும் கடன் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். ‘சனிக்கிழமை 4பி வீட்டுக்கு இது வேண்டும்’ என்று இருந்தால் போதும். சில நேரம் சாமான் அறைக்கே வராது, நேராக அந்த வீட்டுக்குப் போய்விடும். நோட்டில் பதிவு தவறும்தான். அந்தத் தவறுதலை நான் பொறுத்துக்கொள்வேன்.

எதிர்க்கோணம்:

இவ்வளவு இனிப்பாகப் போகிற இழையில் கொஞ்சம் உப்பு. சமூகப் புத்தாக்கம் என்ற சொல்லை மன்ஸினி ராபின் மர்ரே, ஜூலி கோலியர்-கிரைஸ், ஜெஃப் மல்கன் மூவரும் 2010-ல் தந்த வரையறையோடு எடுத்துக்கொள்கிறார்: சமூகத் தேவையை நிறைவேற்ற வேண்டும், கூடவே புதிய சமூக உறவுகளையும் உண்டாக்க வேண்டும். அதே 2010-ல் பிரிட்டனில் ‘பெரிய சமுதாயம்’ என்று சொல்லிக்கொண்டே அரசு செலவைக் குறைத்தது. மக்கள் தாங்களே செய்துகொள்வார்கள் என்ற பேச்சு, அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவ வசதியான போர்வை. டிரில் பகிர்வில் இது பெரிய ஆபத்து இல்லை. முதியோர் பராமரிப்பு, குழந்தைக் காப்பகம் என்று போகும்போது பெரிய ஆபத்து. அங்கே சம்பளமில்லாத வேலை கடைசியில் யார் தலையில் விழும் என்று சொல்லவே வேண்டாம், பெண்கள் தலையில்தான். அமர்த்திய சென், மார்த்தா நுஸ்பாம் வழியில் ‘மக்களுக்கு என்ன குறை என்று பார்க்காதே, என்ன முடியும் என்று பார்’ என்று மன்ஸினி சொல்லும்போது எனக்குப் பாதிச் சம்மதம்தான். குறையைக் கணக்கெடுக்காமல் விட்டால் அது தீராமல் அப்படியே இருக்கும்.

அதே சமயம் அவருடைய ஒரு எச்சரிக்கையை எல்லா டிசைன் கல்லூரியிலும் சுவரில் எழுதலாம். இரண்டு வியாதியை அவர் பெயர் சொல்லியே திட்டுகிறார். ஒன்று, ‘நான்தான் படைப்பாளி’ என்று தன் முத்திரையைக் குத்தும் பெரிய அகங்கார டிசைன். மற்றொன்று போஸ்ட்-இட் டிசைன்: டிசைனர் தனக்கென்று கருத்தே இல்லாதவர் போல ஒதுங்கி நின்று, மற்றவர்கள் சொல்வதை வண்ணச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, அதைத் தொகுத்துக் கொடுத்துவிட்டுப் போவது. இரண்டுக்கும் மாற்றாக அவர் வைப்பது உரையாடல். அதாவது டிசைனர் தன் யோசனையை முன்வைக்க வேண்டும், அது உடைபடவும் தயாராக இருக்க வேண்டும். வரைபலகை, அந்த ஏழு பேரிடம் வெறும் கையோடு போகாதீர்கள். தப்பாகவே இருந்தாலும் ஒரு கடன் சீட்டை வரைந்து எடுத்துப் போங்கள். வெள்ளைத்தாளைக் கொடுத்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், தப்பான சீட்டைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பேனாவை எடுத்துத் திருத்துவார்கள்.

வரைபலகை:

நிமிடக் கணக்கும் சக் சாவியும் அப்படியே அறிக்கைக்குப் போகின்றன, எல்லாருக்கும் நன்றி. ஆனால் ஆப் விஷயம் தீரவில்லை. ‘60 வீட்டுக்கு ஒரு நோட்டு போடுவதற்கு முதுகலைப் பட்டம் எதற்கு’ என்பது வழிகாட்டியின் கேள்வி. கியூஆர் குறியீடு ஒட்டிய தானியங்கி லாக்கர், அதே மாதிரி 100 குடியிருப்பு என்கிறார். என்ன பதில் சொல்லலாம்?

கோட்டுருவம்:

லாக்கருக்கு எதிர்க்கோணம் எடுத்துத் தந்த வரையறையே பதில். தேவை நிறைவேறும், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். அது நல்ல வாடகைச் சேவையாக இருக்கலாம், சமூகப் புத்தாக்கம் என்று தலைப்பு வைக்க முடியாது. தொழில்நுட்பம் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எந்த வேலையை மெஷினிடம் விடுவது என்பதுதான் கேள்வி. ‘ஏணி இப்போது யாரிடம்’ என்று தேடுவதில் எந்த உறவும் இல்லை, அலுப்பு மட்டும்தான். அதைப் பொதுவான ஒரு ஸ்பிரெட்ஷீட்டிடம் விடுங்கள். கைமாற்றும் அந்தச் சில நிமிடத்தில் உறவு இருக்கிறது, அதை விடாதீர்கள். பல குடும்பங்கள் சேர்ந்து உற்பத்தியாளரிடமே நேராக வாங்கும் இத்தாலியின் கூட்டுக் கொள்முதல் குழுக்களுக்கு மன்ஸினி பரிந்துரைத்ததும் இதுதான்: ஆர்டர்களைக் கையாளவும் உற்பத்தியாளரோடு தொடர்பு வைக்கவும் ஒரு மென்பொருள். விவசாயியை நேரில் போய்ப் பார்ப்பதை அது ஒழிக்கவில்லை.

பெரிதாக்குவது பற்றி: அவருடைய சூத்திரத்தில் நான்கு சொல் உண்டு. சிறிது, உள்ளூர், திறந்தது, இணைந்தது. முதல் இரண்டை மட்டும் படித்துவிட்டு ‘மன்ஸினி பெரிதாக்குவதற்கு எதிரி’ என்று பலர் சொல்கிறார்கள். தனித்துக் கிடந்தால் சிறியது சிறியதுதான், வலையில் ஒரு முடிச்சாக இருந்தால் அது வெறும் சிறியது அல்ல என்பது அவர் வாதம். அந்தக் கூட்டுக் கொள்முதல் குழுவையே பாருங்கள். முதலாவது 1994-ல் ஃபிடென்சா என்ற சிற்றூரில் தொடங்கியது. அது வளர்ந்து ஒரு பெரிய நிறுவனம் ஆகவில்லை. பல ஊர்களில் தனித்தனிக் குழுக்கள் முளைத்தன, 2007 டிசம்பரில் நிறைவேறிய நிதிச் சட்டம் அவற்றை அங்கீகரித்தது. ஒருவருக்கொருவர் செய்யும் உதவியை மணிக் கணக்கில் பரிமாறிக்கொள்ளும் நேர வங்கிகளும் அப்படியே: 2000-ம் ஆண்டின் 53-ம் எண் சட்டத்தின் 27-வது பிரிவு, உள்ளாட்சிகள் அவற்றுக்கு இடமும் உதவியும் தர வழி செய்தது. பொலோனியாவில் 2013-ல் வியா ஃபொண்டாட்சா தெருவில் ஒட்டிய நோட்டீஸிலும் ஒரு ஃபேஸ்புக் குழுவிலும் தொடங்கிய, ஒரே தெருக்காரர்கள் பழகி உதவிக்கொள்ளும் சோஷியல் ஸ்ட்ரீட் பிற ஊர்த் தெருக்களுக்குப் போனதும் இதே மாதிரிதான். எதுவும் ஒரே லோகோவின் கீழ் 100 கிளை திறக்கவில்லை.

செவ்வந்தி:

வழிகாட்டிக்குக் காட்ட ஒரு பெரிய திட்டம் வேண்டுமென்றால் ‘நுத்ரீரே மிலானோ’வைக் காட்டுங்கள். மிலானின் தெற்கே 1990-ல் உருவான, சுமார் 47,000 ஹெக்டேர் வேளாண் பூங்கா இருக்கிறது. அங்கே விளைவதை நகரத்தோடு நேராக இணைப்பது நோக்கம். மிலான் பாலிடெக்னிக், உள்ளூர் உணவுக்கான இயக்கமான ஸ்லோ ஃபுட் இத்தாலி, பொலென்சோவில் இருக்கும் உணவியல் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து, காரிப்லோ அறக்கட்டளை நிதியோடு நடத்தின. பூங்கா முழுவதுக்கும் ஒரே மாஸ்டர் பிளான் போட்டு இறங்கவில்லை. நகரத்துக்குள் ஒரு விவசாயிகள் சந்தை, பிறகு வீட்டுக்கு வரும் காய்கறிப் பெட்டி, உள்ளூர்க் கோதுமையிலிருந்து ரொட்டி வரை ஒரு சங்கிலி என்று சிறு சிறு திட்டங்களாகப் போட்டு, நடுவில் அவற்றைக் கோக்கும் பொது அமைப்பை வளர்த்தார்கள்.

அதில் உங்களுக்கு நேரடியாக உதவும் ஒரு உத்தி: ‘யோசனைப் பகிர்வுக் கடை’. மிலான் பாலிடெக்னிக்கின் அன்னா மெரோனி குழுவைச் சேர்ந்த டிசைனர்கள் சந்தையிலேயே ஒரு கடை போட்டு உட்கார்ந்தார்கள். இன்னும் தொடங்காத சேவைகளை மாதிரியாக அங்கே வைத்து, சந்தைக்கு வந்தவர்களோடு பேசித் திருத்தினார்கள். தனியாகப் பட்டறை வைத்து ஆள் கூப்பிட்டால் வருகிறவர்கள் எப்போதும் வரும் அதே பத்துப் பேர்தான். மற்றவர்கள் எப்படியும் வரும் இடத்தில் போய் உட்கார்வதுதான் இதன் சூட்சுமம். உங்களுக்கு அந்த இடம் லிஃப்ட் வாசலாக இருக்கலாம்.

மூன்றாவது டிராயர்:

அப்படி உட்காரும்போது பத்துச் சாமானுக்கு மேல் அடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை, அதில் நாலு வரி: என்ன சாமான், எத்தனை நாள், கூட என்னென்ன வரும், கெட்டால் யாரைக் கூப்பிடுவது. நாலாவது வரியை மட்டும் காலியாக விட்டுவிட்டு ஒரு பேனாவைப் பக்கத்தில் வையுங்கள். டிரில் அட்டையில் யாரும் பெயர் எழுதவில்லை என்றால் டிரில் இன்னும் தயாராகவில்லை. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் அடுத்த வாரம் மறுபடி கொண்டுவாருங்கள்.